கம்பெனி முத்திரை போட்ட காசு

“இந்த வெள்ளிக்காசெல்லாம் உனக்கு எங்கன கிடைச்சது?”

நகைக்கடை லட்சுமிகாந்தம் கேட்டதும் நாகஜோதி முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டா.

“என் காசுதான் அண்ணாச்சி, மக படிப்புக்கு இன்னிக்குப் பணம் கட்டணும்னு விக்க வந்தேன். நான் வேலை பாக்குற பட்டாசுக் கம்பெனியில, ஒவ்வொரு ஆயுதபூசைக்கும் மொதலாளி அவுக கையால குடுத்தது.”

இதுல ஒரு சொல்லுகூடப் பொய் இல்லை. உள்ளதைச் சொல்றவளுக்கு ஏன் நாக்கு மேலண்ணத்துல ஒட்டணும்? காரணம் இருக்கு.

வெள்ளி விலை தாறுமாறா ஏறிக் கிடக்குல்ல? அந்தச் சமயம் பாத்து, மொதலாளி சங்கரபாண்டியன், சிவகாசி பக்கம் எம். புதுப்பட்டியில இருக்குற கம்பெனியில எல்லாரையும் கூட்டி நிறுத்திச் சொல்லிட்டார்.

“ஆபீஸ்ல வச்சிருந்த வெள்ளிக்காசு மூட்டை களவு போயிருச்சு. நம்ம முத்திரை போட்ட காசை யார் விக்கப் போனாலும் நேரா போலீஸ்தான். சிவகாசியில எல்லாக் கடைக்கும் சொல்லி வச்சாச்சு.”

அம்புட்டுத்தான். நல்ல விலைக்குத் தள்ளிரலாம்னு இருந்தவளெல்லாம் காசைத் திரும்ப அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டா.

நாகஜோதியால மூட முடியலை. மக பாண்டிலட்சுமிக்கு நர்சிங் படிக்க இடம் கிடைச்சிருக்கு. இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள பணம் கட்டலைன்னா அது வேற பிள்ளைக்குப் போயிரும். அதான், சிவகாசியே வேண்டாம்னு விருதுநகருக்கு பஸ் ஏறிட்டா.

முதல் கடைக்காரன் காசைத் தொடக்கூட இல்லை. “பில் இல்லையா? அப்ப பாதி விலைதான்”னான். அடுத்த கடையில சேதாரம், கழிவுன்னு அடுக்கினாங்க. “காசுக்கு எதுக்குய்யா சேதாரம்? நானென்ன கொலுசா கொண்டாந்தேன்?”னு கேட்டு வெடுக்குனு வாங்கிட்டு வந்துட்டா. பயந்தவதான், அதுக்காக விலையில ஏமாறுவாளா?

மூணாவதா வந்த இந்தக் கடையில லட்சுமிகாந்தம்தான் அரத்தை எடுத்தார். ஒரு காசோட விளிம்பை ராவி, ஒரு சொட்டு திராவகம் விட்டு உத்துப் பாத்தார். இன்னொரு காசை எடுத்தார். அப்புறம் இன்னொண்ணு. முகம் சரியில்லை.

“எந்தக் கம்பெனி?”

சொன்னா.

“உக்காரு தாயி. எங்கயும் போயிராதே.”

காசை அள்ளிக்கிட்டு உள்ளே போனார். போன்ல பேசுறது அரைகுறையாக் கேட்டுச்சு.

“ஆமா, உங்க முத்திரைதான்... ஒரு பொம்பள... உக்கார வச்சிருக்கேன். உடனே வாங்க.”

போச்சு! நாகஜோதி வாசலைப் பாத்தா. ஓடிரலாமா? ஓடினா திருடின்னு தானே ஒத்துக்கிட்ட மாதிரி. ஓடலைன்னா போலீஸ் ஜீப்புல ஏத்தி ஊர் வழியாக் கொண்டு போவாங்களே! படிப்பு போனாலும் போகட்டும், நாளைக்கு எம்பிள்ளையைத் திருடி பெத்ததுன்னு ஒருத்தி சொல்லிரக் கூடாதே, ஆத்தா பத்திரகாளி!

“டீ சொல்லவா?” வெளிய வந்த கடைக்காரர் கேட்டார்.

“வேண்டாம் அண்ணாச்சி. அம்புட்டுக் காசையும் நீங்களே வச்சுக்கிடுங்க. என்னைய விட்ருங்க, நான் போயிர்றேன்.”

“பேசாம உக்காரு.”

ஒரு மணி நேரம் கழிச்சு வாசல்ல ஒரு வண்டி வந்து நின்னுச்சு. ஜீப் இல்லை. மொதலாளியோட கார். சங்கரபாண்டியன் மூச்சு வாங்க உள்ளே வந்தார். நாகஜோதி தடால்னு அவர் கால்ல விழுந்துட்டா.

“மொதலாளி, நான் களவாங்கலை! எல்லாம் நீங்க குடுத்தது. எம்பிள்ளை மேல சத்தியம்!”

“தெரியும்மா, எந்திரி. முதல்ல எந்திரி.” அவருக்கு வேர்த்து ஊத்துச்சு. கடைக்காரரைப் பாத்தார். “இன்னிக்கு வெள்ளி என்ன விலை?”

லட்சுமிகாந்தம் விலையைச் சொன்னார். மொதலாளி அதுக்கு மேலயே போட்டு நோட்டை அவ கையில திணிச்சார். காசையெல்லாம் வாரிப் பைக்குள்ள போட்டுக்கிட்டார்.

“யார்கிட்டயும் மூச்சு விட்றாதே, என்ன?”

வந்த வேகத்துல கார் போயிருச்சு. நாகஜோதிக்குக் கண்ணீர் பொலபொலன்னு கொட்டுச்சு.

“எம்புட்டு நல்ல மனுசன் அண்ணாச்சி! காசு களவு போயிருக்கையில என்னையச் சந்தேகப்படாம, கூடவும் குடுத்துட்டுப் போறாகளே!”

“களவா? ஒண்ணும் களவு போகலை தாயி. நீ கொண்டாந்ததுல வெள்ளியே இல்ல. பித்தளைக்கு மேல முலாம் பூசியிருக்கு. விலை ஏறினதும் எல்லாரும் கடைக்குத் தூக்கிட்டு வந்துருவீகன்னு பயந்து அவரு கட்டி விட்ட கதை அது. உன்கிட்ட இதைச் சொல்லியிருந்தா நீ வெறுங்கையோட அழுதுட்டுப் போயிருப்ப. அதான் அவரையே வரவழைச்சேன்.”

நாகஜோதி கையில இருந்த நோட்டை ஒரு தடவை பாத்துட்டு, முந்தானையில இறுக்கி முடிஞ்சுக்கிட்டா.

“சரி, பொழுது போகுது. முதல்ல பிள்ளைக்குப் பணத்தைக் கட்டு” என்ற லட்சுமிகாந்தம், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கிட்டார். “நாளைக்கு உங்க கம்பெனிப் பொம்பளைக எல்லாரையும் காசை எடுத்துக்கிட்டு இங்கன வரச் சொல்லு. இதைவிட நல்ல விலை எந்தக் கடையிலயும் கிடைக்காது.”