தண்ணீர் நிற்கும் நேரம்

மாலையில்தான் தண்ணீர் நிற்கும் என்று ஹேசல் தொலைபேசியில் மகனிடம் சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டு, அவன் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இருக்க வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகன் ஏட்ரியன் லெஸ்டரில் இருக்கிறான். மே மாதக் கடைசியில் பள்ளி விடுமுறை வருகிறது. மனைவி ஃபியோனாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தெற்கு ஆற்றங்கரை ஊரான லாடனில் ஒரு மோட்டார் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கிறான். என்றைக்கு எந்த ஆற்றில் போவது, எங்கே கட்டுவது என்பதெல்லாம் அம்மாவின் பொறுப்பு.

அவனிடம் விட்டால் குட்டிச்சுவர்தான். கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையில் அச்சடித்திருப்பது குளிர்கால மணிக்கணக்கு. கோடையில் ஊர்க் கடிகாரங்களை முன்னே தள்ளிவைப்பதால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் அதை மறந்துவிட்டு, ஆறுகள் கடலில் சேரும் யார்மத்துக்குப் போனான். ஓடுகிற தண்ணீர் படகைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டுபோய்ப் பாலத் தூணில் மோதவிட்டது. படகு கொடுத்தவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அன்றிலிருந்து அம்மா சொல்வதுதான் கணக்கு.

தெற்கு ஆறுகளிலிருந்து வடக்கே போக வேண்டுமானால் யார்மத்தைத் தாண்டியாக வேண்டும். வடிகிற தண்ணீர் ஓய்ந்து, கடல் திரும்பி ஏறுவதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். வாடகைப் படகுகள் அப்போதுதான் அந்தப் பாலங்களுக்கு அடியில் போகலாம். அதுவரை எங்காவது கட்டிப்போட்டுக் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கத் தோதான இடம் ரீடம்.

ஹேசலின் வீடு ரீடமில்தான். சமையலறை ஜன்னலுக்கு எதிரே படகுத்துறை. இந்தப் பிப்ரவரியில் அங்கே ஒரு படகும் இல்லை.

கணவன் இறந்தபிறகு அவள் தினமும் கடைக்குப் போய்ப் பால் வாங்குகிறாள். பால் பாதிக்குமேல் கெட்டுப்போகிறது. கடைக்காரப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்காகத்தான் போகிறாள். கிறிஸ்துமஸுக்கு மகன் குடும்பத்தோடு வந்தான். கோட்டைக் கழற்றி மாட்டிய கையோடு திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டதுபோல இருந்தது.

மே மாதம் படகில் வரும்போதும் அப்படித்தான் செய்ய நினைத்திருந்தான். ஞாயிறு சாயங்காலம் வந்து ஒரு டீ, படுக்கை படகில், திங்கள் காலை கிளம்பிவிடுவது.

“அப்போ திங்கக்கிழமை முழுக்க ரீடம்லயே கட்டிப் போடணுமா? போன வருஷமும் இப்படித்தானேம்மா ஆச்சு. ஒரு நாள் வீணாப் போகுது.”

வீண் என்பதை அவன் யோசித்துச் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது.

தண்ணீரோடு யாரால் சண்டை போட முடியும் என்று சிரித்து வைத்தாள். ரயில் பாலம் படகுகளுக்காகச் சுழன்று திறப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும், மாவுக்குள் மாட்டிறைச்சி வைத்து ‘பை’ சுட்டு வைக்கிறேன் என்றாள். குரலில் கெஞ்சல் தட்டிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்துப் பேசினாள்.

அவனுக்கு மனசு ஆறவில்லை. படகு ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டுமா என்றான்.

வேண்டாம் என்று சொல்ல ஹேசல் வாயெடுத்தாள்.

அதற்குள் ஃபியோனா தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். அவள் எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற ரகம். ஹேசல் சுட்ட கேக்கின் அளவுகளைக்கூட ஒருமுறை சரிபார்த்தவள். இத்தனை வருஷத்தில் இரண்டு பேருக்கும் சண்டையும் வந்ததில்லை, ஒட்டுதலும் வந்ததில்லை.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்பட்டது.

“ஹேசல், அட்டவணை எங்கிட்டயும் இருக்கு. அன்னிக்கு விடிகாலைலயும் ஒரு தடவை தண்ணி நிக்குது.”

பனிமூட்டமாக இருக்கும், பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள் என்று எத்தனையோ சாக்குகளை ஹேசல் தயாராக வைத்திருந்தாள். ஃபியோனா அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை.

“போன வருஷமும் பாத்தேன்” என்றாள் ஃபியோனா. “ஏட்ரியன்கிட்ட சொல்லல. இப்பவும் சொல்ல மாட்டேன்.”

போன வருஷம் அந்தத் திங்கட்கிழமை முழுதும் மழை. ஐந்து பேரும் இந்தச் சமையலறையில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். சின்னவள் பாப்பி பாட்டியின் மடியிலேயே தூங்கிவிட்டாள். அந்த நாளைத் தன் சாமர்த்தியத்தால் சம்பாதித்ததாக ஹேசல் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். யாரோ தெரிந்தே போட்ட பிச்சை என்று இப்போது தெரிந்தது. வெட்கத்தில் காது சுட்டது. அப்படியும், இந்த வருஷத்துக்கும் ஒரு நாள் கிடைத்துவிட்டது என்று மனசு குதித்தது. அதை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

ஃபியோனா இன்னும் போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

“ஒரு நாள் கூட இருந்துட்டுப் போடான்னு நீங்களே கேக்கலாமே. உங்க புள்ளதானே.”

ஹேசல் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெளியே ஆறு கடலைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தது.

“கேட்டு, முடியாதுன்னு சொல்லிட்டான்னா?”



அவன் அப்படியெல்லாம் சொல்ல மாட்டான் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என ஹேசல் காத்திருந்தாள். ஃபியோனா அதைச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சுடும் ‘பை’யில் வெங்காயம் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.