படகின் நிழல்

துறைமுக அதிகாரி கப்பலில் ஏறி வந்தபோது அவர் கையில் டார்ச் இல்லை.

துருவைத் தட்டிப் பார்க்கும் சின்னச் சுத்தியலும் இல்லை.

கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் மட்டும் இருந்தது.

கப்பலின் மாலுமியான அவன் ஏணியை மறுபடி எட்டிப் பார்த்தான். பின்னால் ஒரு புகைப்படக்காரர் வந்தார். அவ்வளவுதான்.

மூன்று நாட்களாக அவன் காத்திருந்தது இந்த அதிகாரிக்காக.

எந்த நாட்டுத் துறைமுகமானாலும் சோதிக்க வருகிறவர்கள் முதலில் உயிர்காப்புப் படகுக்கு அருகில்தான் போவார்கள். அண்ணாந்து பார்ப்பார்கள். படகைத் தாங்கும் கம்பிவடத்தைத் துணியால் துடைத்துக் காட்டச் சொல்வார்கள்.

அவன் துடைத்துப் பார்த்திருந்தான்.

கப்பியின் மேல் வடம் வளையும் இடத்தில், கிரீஸுக்கு அடியில், துணி மாட்டிக்கொண்டது. இழுத்தான். கிழிந்தது. அறுந்த கம்பி இழைகளைப் பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

“புதியதற்கு எழுதியாகிவிட்டது. பாதுகாப்பு விருது வரும் நேரத்தில் படகு ஒத்திகையை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள்,” என்றார் கேப்டனுக்கு அடுத்தவரான சீஃப் மேட். இன்னும் கொஞ்சம் கிரீஸ் பூசச் சொன்னார்.

அவனே பூசினான்.

நாளைக் காலை ஒத்திகை. அந்தப் படகில் ஐந்து பேர் ஏறுவார்கள். வடம் சுற்றியிருக்கும் வின்ச்சின் பிரேக்கை விட்டு அவர்களைக் கடலில் இறக்குவது அவன் வேலை.

பட்டியலில் மூன்றாவது பெயர் மச்சாது. தூத்துக்குடிக்காரன். சமையல்காரன். இந்தக் கப்பலில் அவனோடு தமிழ் பேசும் ஒரே ஆள்.

அதிகாரி பேசினார். மூன்று ஆண்டுகளாக இந்தக் கப்பலில் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. இங்கே வரும் வெளிநாட்டுக் கப்பல்களில் வெகு சிலவற்றுக்கே இந்தப் பெருமை. இனி இரண்டு ஆண்டுகளுக்கு எங்கள் துறைமுகங்களில் உங்களுக்குச் சோதனை கிடையாது.

எல்லோரும் கை தட்டினார்கள்.

அவனும் தட்டினான்.

படகின் பக்கவாட்டில் கப்பலின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. அதன் கீழே நின்றால் படம் நன்றாக வரும் என்றார் புகைப்படக்காரர்.

உச்சி வெயில். படகின் நிழல் தளத்தில் கறுப்பாகக் கிடந்தது. அதிகாரியும் கேப்டனும் நடுவில் நின்றார்கள். பதினெட்டுப் பேர் அவர்களைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

அவன் போகவில்லை.

“எல, உள்ள வா. போட்டோவுக்குத்தான கூப்பிடுதாவ, தூக்குக்கா?”

மச்சாது சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சீஃப் மேட் சிரிக்கவில்லை.

புகைப்படக்காரர் கையை ஆட்டினார். ஒரே ஒரு அடி வந்தால் போதும்.

கிழிந்த துணி அவன் கால்சட்டைப் பையில்தான் இருந்தது. விரல்கள் அதை உருட்டின. பிரித்தன. மறுபடி உருட்டின.

எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் பார்வை ஒருமுறை மேலே போய்த் திரும்பியது.

அதிகாரி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவன் பூட்ஸை. நிழலின் விளிம்பு அதற்கு ஒரு விரற்கடை முன்னால் முடிந்திருந்தது.

அவர் மெதுவாக அண்ணாந்தார்.

சான்றிதழைக் கேப்டன் கையில் கொடுத்துவிட்டு, நிழலைவிட்டு வெளியே வந்தார்.

அவனிடம், ஒரு துணி கிடைக்குமா என்று கேட்டார்.