நூறாவது ரோஜா

"எலிசபெத்தம்மா, ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துட்டேன். நூறு ரோஜாச் சிலுவையிலே ஒண்ணு குறையுது!"

சபைச் செயலாளர் ஆர்தர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

சித்தூர் பேராலயத்தில் மலர் விழா வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் ஊர் ஜனங்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது இந்த வருஷம்தான். அதற்காகக் கமிட்டியில் ஒற்றை ஆளாக மல்லுக்கு நின்றவள் எலிசபெத். 'ஒரு பூ காணாமல் போனாலும் அடுத்த வருஷம் கதவைச் சாத்திடுவோம்' என்று நிபந்தனை போட்டவர் ஆர்தர்.

வாசல் மேஜையில் அவள் கைப்பட எழுதிய 'வருகிறவர்கள் கவனத்துக்கு' அட்டை இருந்தது. காலை பத்து முதல் மாலை ஆறு வரை, அனுமதி இலவசம், சக்கர நாற்காலிக்கு வடக்கு வாசலில் சரிவுப் பாதை. அதற்கு அடியில் சிவப்பு மையில், மூன்று பாஷையிலும் ஆர்தர் சேர்த்த வரி: பூக்களைத் தொடாதீர்கள்!

"எங்கேயாவது கீழே விழுந்திருக்கும் ஐயா."

"விழலே. எடுத்தது யாருன்னும் தெரியும். அதோ, மஞ்சள் பையோட வெளியே வருதே, அந்த அம்மாதான். தூணுக்குப் பின்னாலே நின்னுக்கினு பையிலே பூவைத் திணிச்சதை என் கண்ணாலே பார்த்தேன். இதுக்குத்தான் அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கினேன்."

காலையில் திறப்பு விழா போட்டோவுக்காக மாட்டிய கோட்டை இந்த வெயிலிலும் அவர் கழற்றவில்லை. அதே மிடுக்கோடு போய் வழியை மறித்துத் தெலுங்கில் கேட்டார்.

"ஏம்மா, பேக்லோ ஏமுந்தி?"

"தமிழ்லயே கேளுங்க சார். எனக்கு ஊரு பாலசமுத்திரம், பொன்னியம்மான்னு பேரு. பையிலே திருப்பதி லட்டு கீது. துன்றீங்களா?"

"லட்டு வேணாம். பூ இருக்கா?"

"கீது சார்."

எலிசபெத் கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

பொன்னியம்மாள் கொஞ்சமும் பதறாமல் பையை விரித்துக் காட்டினாள். லட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில், ஹேர்பின்னோடு ஒரு முழம் கனகாம்பரம். ரோஜா இல்லை.

"என் தலையிலே இருந்தது சார். நேத்து திருமலைக்குப் போயிருந்தேன். அங்கே பொம்பளைங்க தலையிலே பூ வெச்சுக்கக் கூடாதே. மலையிலே இருக்கிற பூ அத்தனையும் பெருமாளுக்குத்தான். கீழே வந்தப்புறம்தான் இதை வாங்கி வெச்சேன். இங்கே பஸ் மாற எறங்கினா, பூத் திருவிழான்னு போர்டு. பூவெல்லாம் உங்க சாமிக்காச்சே, நாம வெச்சுக்கினு உள்ளே போனா தப்பாயிடுமேன்னு தூண் ஓரமா கழட்டிப் பையிலே போட்டுக்கினேன்."

எலிசபெத் வாசல் மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அட்டையில் யாருமே எழுதாத விதி. அதைக் கேட்காமலே கடைப்பிடித்திருக்கிறாள் இந்தப் பெண்பிள்ளை. இவளைப் போயா திருடியாக்கப் பார்த்தோம்!

"அந்தச் சிலுவையிலே ஒரு எடம் காலியா கீதும்மா," என்றாள் பொன்னியம்மாள். "இதைக் குடுத்திருப்பேன். தலையிலே வெச்சது சாமிக்கு ஆவாதே..."

"எங்க சாமி அதெல்லாம் பார்க்கமாட்டாருக்கா. குடுங்க." இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள் எலிசபெத்.

ஆர்தர் இளகுகிற வழியாயில்லை.

"அதெல்லாம் சரி. காணாம போனது போனதுதானே? அந்த ஒத்தை ரோஜாவை என் கண்ணுலே காட்டுங்க. அடுத்த வருஷம் என்ன, வருஷா வருஷம் நானே நின்னு கதவைத் திறந்து விடறேன்!"

பொன்னியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினாள்.

"செவப்பு ரோஜாங்களா சார்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இல்லே... உங்க கோட்டுலே குத்திக்கினு கீறீங்களே, அது வேற ரோஜாங்களா?"