கழன்று கிடந்த இன்ஜின்

சிறிய இன்ஜின் ஒன்றை மாட்டிக் காட்டினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் பட்டறையில் வேலை. அதனால் மாலை வகுப்பில் சேர்ந்த அந்த இளைஞன் எதிலும் அவசரப்படவில்லை. சிலிண்டரைத் துடைத்தான். பிஸ்டனில் படிந்த கரியைச் சுரண்டினான். வளையங்களுக்கு எண்ணெய் தடவிப் பூட்டினான். எல்லாவற்றையும் நேரம் போட்டு நோட்டில் எழுதினான். முடிப்பதற்குள் ஆசிரியர் வீட்டுக்குப் போய்விட்டார். நாளை காட்டலாம் என்று கிளம்பினான்.

மறுநாள் மாலை வந்து பார்த்தால், எல்லாம் தட்டில் கழன்று கிடந்தன.

மறுபடி மாட்டினான்; முடிப்பதற்குள் அன்றும் ஆசிரியர் கிளம்பிவிட்டார். மறுநாளும் அதே கதை. ஐந்தாம் நாள் நோட்டின் மீதே சந்தேகம் வந்துவிட்டது.

"சாப்பிட்டதை மறந்துட்டு மறுபடி தட்டைத் தூக்கிட்டு வர்றவன்தானே நீ! கனவுல மாட்டியிருப்பே," என்றாள் அம்மா.

ஆறாம் நாள் ஆசிரியரிடம் விலகல் கடிதத்தை நீட்டினான். "எனக்கு மூளை கொழம்பிடுச்சு சார். மாட்டாததை மாட்டினதா எழுதி வச்சிருக்கேன்."

ஆசிரியர் படித்துவிட்டு, மேசையிலிருந்து இன்னொரு கடிதத்தை எடுத்துப் போட்டார்.

"காலை வகுப்புல ஒரு அம்மா கொடுத்தது. தினமும் கழட்டறாங்களாம், மறுநாள் வந்தா பூட்டியே இருக்காம். அவங்களுக்கும் மூளை கொழம்பிடுச்சாம். கழட்டற வகுப்பு காலையில, மாட்டற வகுப்பு சாயங்காலம். இன்ஜின் ரெண்டுக்கும் ஒண்ணுதானேப்பா!"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நீ மாட்டினதுக்கு அவங்க கடிதமே சாட்சி," என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டார் ஆசிரியர்.

"இன்ஜின் ஓடுமா சார்?"

"யாரு கண்டா? ஓட்டிப் பார்க்கற வகுப்புல இன்னும் ஒருத்தரும் சேரலையே!"