சுருக்கம் விழுந்தால்

"கை ஏங்க்கா இப்படி நடுங்குது? முதல் நாள்னா எல்லாருக்கும் இருக்கறதுதான். தண்ணி குடிங்க."

சூப்பர்வைசர் பாட்டிலை நீட்டினாள். புதிதாக வேலைக்கு வந்தவள் வாங்கி, பாதியைச் சட்டையில் சிந்திக்கொண்டு மீதியைக் குடித்தாள்.

அந்தச் சலவைக்கூடத்தில் புது ஆளை நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதெல்லாம் சமீபத்து அதிசயம். முன்பெல்லாம் வருகிறவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. "ஏய் புதுசு" என்பார்கள். அடுத்த புதுசு வரும்வரை அவள்தான் புதுசு.

சூப்பர்வைசருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, விசிலக்கா. இந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்துவதைவிட விசில் ஊதுவது மேல் என்பது அவள் கட்சி. இன்றைக்கு அந்த விசில் கழுத்தில் இல்லை, பைக்குள் கிடந்தது.

"வாங்கக்கா, ஒவ்வொண்ணா காட்டறேன். அவசரமே இல்ல." வந்தவள் தன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாகத் தெரிந்ததால் அக்கா.

எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். துணி மாற்றும் அறை, கழிப்பறை, மருந்துப் பெட்டி, லீவு வேண்டுமானால் யாரிடம் கேட்பது, யாரிடம் கேட்கவே கூடாது என்று விசிலக்கா ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே நடந்தாள். வந்தவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பார்வை மட்டும் கூடத்தின் கோடியில் நின்ற பெரிய இஸ்திரி இயந்திரத்தை விட்டு நகரவில்லை.

சூடு ஆறக்கூடாது என்று அது சும்மாவே சுற்றிக்கொண்டிருந்தது. ஈரமான படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால், சுடுகிற உருளை உள்ளே இழுத்து, தேய்த்து, அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

"மாமியார்ங்கறது இதுதானா?" என்று கேட்டாள் வந்தவள்.

விசிலக்காவின் முகம் சுண்டிப்போனது. எவ்வளவு செய்தாலும் சூடு தணியாது, கொஞ்சம் அசந்தால் கடித்துவிடும் என்று பெண்கள் சிரித்துச் சிரித்து வைத்த பெயர் அது. அதில் ஒரு விபத்து நடந்த பிறகு அந்தப் பெயரை அங்கே யாரும் வாயில் எடுப்பதில்லை.

துணி மாற்றும் அறையில் எவளாவது உளறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். "அந்தப் பேரு வேண்டாங்க்கா. ரோலர்னே சொல்லுங்க."

பிறகு வந்தவளை இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினாள்.

"ரெண்டு முனையையும் பிடிச்சு உள்ள குடுங்க, உடனே விட்டுடுங்க. சுருக்கம் விழுந்தா மட்டும் கையால நீவக் கூடாது. வீட்டுல இஸ்திரி போடறப்போ நீவி நீவிப் பழகின கை, அதுவாவே போகும். போகவே கூடாது. சுருக்கத்தோட வந்தா வரட்டும், நம்ம அப்பன் வீட்டுச் சொத்தா போகுது? மறுபடி நனைச்சுத் தேய்ச்சுக்கலாம். எது மாட்டினாலும் இந்தச் சிவப்பு பட்டன். எங்க, ஒரு தடவை அழுத்துங்க, நான் பாக்கணும்."

வந்தவள் அழுத்தினாள். உருளை சட்டென்று நின்றது. கூடமே அமைதியானது. அவள் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"இவ்வளவு சுலபமா நிக்குமா?"

"நிக்கும்கா."

"எனக்கு முன்னாடி சேந்த பொண்ணுக்கு விரல் போயிடுச்சாமே. இவ்வளவு பொறுமையா சொல்லியுமா அவ காதுல வாங்கல?"

விசிலக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். 'எல்லாம் சொல்லிக் கொடுத்தேன், அவள்தான் கவனிக்கவில்லை' என்பதுதான் விசாரணையில் அவள் சொன்ன பதில். அந்தப் பதிலால் அவள் வேலை தப்பியது. இப்போதும் அதையே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, படுத்தால் தூக்கம் இல்லை. யாரிடமாவது கொட்டிவிட்டால் போதும் என்று இருந்தது.

"சொல்லியிருந்தாத்தானேக்கா காதுல வாங்கறதுக்கு," என்றாள் மெல்ல.

வந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கு பாதிப் பேரு லீவு. பெட்ஷீட் மலையா குவிஞ்சு கெடக்கு. 'ஏய் புதுசு, போய் நில்லு, பாத்துக் கத்துக்கோ'ன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டேன். பட்டன் எங்க இருக்குன்னுகூட அதுக்குத் தெரியாது. சுருக்கம் விழுந்திருக்கு, வீட்டு ஞாபகத்துல நீவி விட்டிருக்கு, அவ்வளவுதான். யாருமே எதுவுமே சொல்லித் தரலன்னு அழுதுச்சாம். சொல்லித் தந்தேன்னு நான் சாதிச்சுட்டேன். வீட்டுலகூட யாரும் அதை நம்பலையாம், உன் கவனக்குறைவுதான்னு திட்டுதான் விழுந்துச்சாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய்ப் பாக்கலாம்னா, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?"

வந்தவள் தலையில் கட்டியிருந்த வேலைத்துணியை அவிழ்த்தாள்.

ஐயோ, கண்டதையும் உளறி வந்த ஆளையும் விரட்டிவிட்டோமே என்று பதறிப்போய் விசிலக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயந்துடாதீங்கக்கா. இனிமே வர்ற யாருக்கும் நான் அப்படிப் பண்ண மாட்டேன். நூறு தடவை கேளுங்க, நூறு தடவையும் சொல்லித் தரேன். இன்னும் என்ன தெரியணும், கேளுங்க."

பிடித்த கையில் இப்போது நடுக்கம் இல்லை. வந்தவள் அதை மெதுவாக விடுவித்துக்கொண்டு, வேலைத்துணியை மடித்து, நின்றுபோன இயந்திரத்தின் மேல் வைத்தாள்.

"அப்போ என் பொண்ணு பொய் சொல்லல."