பதினேழாம் கேள்வி

"இடுப்பு வுட்டுப்போவுது மாமா. உக்காந்துகிட்டே கேக்குறேன், சொல்லுங்க."

நாள் முழுக்க ஜல்லி உடைத்துவிட்டு வந்த வேம்பு குடிசை வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தாள். எதிரே தெரு நாட்டாமை அய்யம்பெருமாள். அவருக்குப் பின்னால், வாசலை மிதிக்கப் பயந்துகொண்டு தெருக்காரர்கள்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? வெளக்கு வைக்கிறதுக்குள்ள சட்டிபானையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு. இந்த வூட்டப் பிரிச்சுப் போட்டாத்தான் அந்த அழுகை நிக்கும்."

பூலாம்பாடிக்கு மேற்கே, வேலை நின்றுபோன கல்குழி ஓரத்தில் இருந்தது அந்த ஒரு குடிசைதான். புருஷனைக் குழிவெடிக்குக் கொடுத்த பிறகு, வேம்பு தலையில் கல் சுமந்து தானே எழுப்பிய சுவர். ஒரு மாதமாக அந்தக் குழித்தண்ணீரில் பச்சைக்குழந்தை அழுகிறது என்று ஊரே சொன்னது. முதலில் பொழுது சாய்ந்தபின் கேட்டது. பிறகு பட்டப்பகலில் கேட்டது. போன வாரம் ஆடுகள்கூட அந்தப் பக்கம் போகாமல் மிரண்டு நின்றனவாம்.

"புருசன் இல்லாதவ. பெத்து, கல்லக் கட்டித் தண்ணியில போட்டிருக்கா," என்றாள் காத்தாயி, யாரையும் பார்க்காமல்.

"ஏண்டி, தெனமும் எம் பக்கத்துலதான குந்தி ஜல்லி ஒடைக்கிற? எம் வயிறு பெருத்திருந்தா உங்கண்ணுல படாமயா போவும்?"

"வயிறு தெரியலக்கா. அழுகை கேக்குதே."

நேற்று வேம்புவுக்கும் கேட்டிருந்தது. தண்ணீர் மொள்ளக் குனிந்தபோது, குழியின் அடியிலிருந்து, பால் கிடைக்காத பிள்ளை தேம்புவதுபோல, விட்டு விட்டு. குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"மொதல்ல கேட்டது யாரு மாமா? அந்த ஒரு ஆளக் காட்டுங்க. கால்ல வுழுந்தாவது நெசத்தச் சொல்லச் சொல்றேன்."

நாட்டாமை காத்தாயியைக் கை காட்டினார். காத்தாயி நாட்டாமையின் பெண்சாதியைச் சொன்னாள். அவளோ, "நீதானடி எங்கிட்டச் சொன்ன," என்று காத்தாயியிடமே திருப்பிவிட்டாள்.

வேம்பு எழுந்து ஓடினாள்.

பஸ் நிற்கும் இடத்தில் சிங்காரவேலு நின்றிருந்தான். திருச்சியில் எம்.ஏ. படிக்கிறவன். எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் கூலி, கடன், காய்ச்சல் என்று வீடு வீடாகக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போனவன், மறுசுற்றுக்கு இன்று வந்திருந்தான். பெரம்பலூர் பஸ் தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது.

"சார், ஒரு வூடு வுடாம எழுதினீங்களே. அழுகை கேக்குதுன்னு உங்ககிட்ட மொதல்ல சொன்னது யாரு சார்?"

அவன் நிமிரவில்லை. "யாரும் சொல்லலம்மா."

"எங்கிட்டயே கேட்டீங்களே, கல்குழியில புள்ள அழுவுற சத்தம் கேட்டிருக்கியான்னு? அன்னிக்கு இல்லேன்னுதான சொன்னேன்?"

"எல்லாரும் அப்ப இல்லேன்னுதான் சொன்னாங்க. இன்னிக்கு அத்தன பேரும் ஆமாங்கிறாங்க."

"அப்ப எதை வச்சுக் கேட்டீங்க?"

"எங்க ஆராய்ச்சிப் பாடத்துல அப்படி ஒரு முறை இருக்கும்மா. கேள்விக்கு நடுவுல பொய்யா ஒண்ணப் போடணும். அதுக்கும் ஆமான்னு தலையாட்டுறவங்க சொல்ற மத்ததையும் நம்பக் கூடாது. பதினேழாவது கேள்வி அது. பஸ்ஸுல வரும்போது நானா யோசிச்சது."

"எனக்கும் கேட்டுச்சே சார்!"

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் வரும் பக்கம் திரும்பினான்.

"வாங்க, வந்து நாட்டாமைகிட்ட இதைச் சொல்லுங்க."

"காலையிலயே சொன்னேம்மா. 'எங் காதால கேட்டத நீ இல்லேங்கிறியா'ன்னு அடிக்க வந்துட்டாரு."

பஸ் வந்து நின்றது. மேற்கே குடிசைப் பக்கம் மூங்கில் முறிகிற சத்தம், கூடவே நாலைந்து பேர் சேர்ந்து இழுக்கிற சத்தம். வேம்பு படிக்கட்டை மறித்து நின்றாள்.

"ஒரு வூடு நீங்க எனக்குப் பாக்கி சார்."