ரங்கியைப் பற்றிய கேள்வி

மனைவி ரங்கிக்குப் பிரசவ வலி கண்ட அன்று, ஆம்புலன்சைக் கூப்பிடக் கைபேசியோடு பாறை பாறையாக ஏறினான் ஜடையன். மின்சாரம் வராத டவரிலிருந்து சிக்னல் எப்படி வரும்? இறங்கி வந்தபோது அவள் இல்லை.

அவள் சாவைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்கப்போவதாகத் தொகுதி உறுப்பினர் சொல்லியனுப்பினார். ஜடையன் இரண்டு நாள் ரயிலில் வந்து, அங்கே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தான்.

உறுப்பினர் ஆங்கிலத்தில் கேட்டார்: அந்த மலையூருக்கு மின்சாரமும் இணையமும் கொடுத்தாயிற்றா? இல்லையென்றால் ரங்கியின் சாவுக்கு யார் பொறுப்பு?

ரங்கி என்ற பெயர் மட்டும் ஜடையனுக்குப் புரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான். அமைச்சர் தாளைப் பார்த்து இரண்டே வரி வாசித்தார். ஆளுங்கட்சியினர் மேசைகளைத் தட்டினார்கள்.

"என்னங்க சொன்னாரு?" என்று பக்கத்திலிருந்த உறுப்பினரின் உதவியாளரைக் கேட்டான்.

"கரண்டு, இணையம் ரெண்டுமே குடுத்தாச்சாம்."

"கம்பந்தானுங்களே நட்டாங்க, கம்பி இழுக்கலையே. ரங்கியப் பத்தி?"

உதவியாளர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாம் குடுத்தாச்சில்ல? அதனால அந்தக் கேள்வியே எழலையாம்."

ஜடையன் எழுந்தான். "அய்யா..." என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தான். காவலர் ஒருவர் விரைந்து வந்து அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார். அவை அடுத்த கேள்விக்குப் போயிருந்தது.